முதல் தம்ளர்

குடிக்க வேண்டிய தண்ணீரில் மேயர் கை கழுவிவிட்டார். நடந்தது இவ்வளவுதான். மேயர் நான். போன வெள்ளிக்கிழமை, சாம்பல்மேட்டுச் சேரியில், புதுக் குழாய் திறந்துவைக்கிற விழாவில், சேரி முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் மண்டைக்குள் ஒருவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். வாயை மூடுடா என்றால் மூடுவதில்லை. இப்போது நான் அசையக் கூடாது. படம் எழுதுகிறார்கள். எனக்கு முன்னால் மேயராக இருந்தவர்கள் எல்லோரும் மன்ற மண்டபத்துச் சுவரில் வரிசையாகத் தொங்குகிறார்கள், அடுத்த ஆணி எனக்கு. அதற்குத்தான் இந்தச் சிவப்பு அங்கி. லண்டனில் தைத்தது. கழுத்தோரம் ஏதோ குளிர்தேசத்துப் பிராணியின் வெள்ளை மயிர். பங்குனி வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு உட்காருகிறவனுக்குப் புத்தி இருக்கிறது என்று யார் சொல்வார்கள். மேலே சங்கிலி, நுகத்தடி மாதிரி. தலையில் சரிகைத் தலைப்பாகை. மின்சார விசிறியையும் படக்காரன் நிறுத்தச் சொல்லிவிட்டான், காற்றில் அங்கியின் மடிப்பு கலைகிறதாம். வேர்வை முதுகுத்தண்டில் ஒரு பூச்சி மாதிரி இறங்குகிறது, இடுப்பில் நிற்கிறது, மறுபடி இறங்குகிறது. “மோவாயைத் தூக்குங்க ஐயா. சங்கிலியிலே இடிக்குது.” மாணிக்க ராஜு. படம் எழுதுகிறவன். வெற்றிலை போட்ட வாய், எண்ணெய் வாசனை அடிக்கிற சட்டை, என்னைவிட வயதில் சின்னவன், என்னை ஒரு பூசணிக்காயைப் பார்ப்பது போல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறான். தூக்கினேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் வேண்டும். கை எட்டும் தூரத்தில் மேசைமேல் வெள்ளிக் கூஜா இருக்கிறது. வீட்டிலிருந்து வந்தது. கொதிக்க வைத்து, ஆற வைத்து, வெட்டிவேர் போட்டது. இந்தப் பட்டணத்துக்கே குழாய் போட்டுக் கொடுக்கிற மேயருக்குத் தண்ணீர் வீட்டுக் கிணற்றிலிருந்து வருகிறது. இத்தனை நாள் இது எனக்கு வேடிக்கையாகப் படவில்லை. இப்போதும் வேடிக்கையாக இல்லை. குடிக்க மாட்டேன். ஏன் என்று கேட்காதே. குடிக்க மாட்டேன்.

விழாவே அந்த ஒரு தம்ளருக்குத்தான். டாக்டர் துரைக்கண்ணு முந்தின நாள் வந்து படித்துப் படித்துச் சொன்னார். சுகாதார அதிகாரி, ஒல்லி மனுஷன், பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். “தண்ணியிலே மருந்து வாசனை அடிக்குது சார். கிருமி சாகப் போடறது. சேரியிலே என்ன பேசிக்கறாங்க தெரியுமா? வெள்ளைக்காரன் இவங்க வம்சத்தையே அழிக்க மருந்து கலக்கறானாம். குட்டைத் தண்ணியே மேலுன்னு இருக்காங்க. குட்டையிலே வாந்திபேதி மிதக்குது. நீங்க முதல் தம்ளர் குடிங்க சார். அவங்க கண்ணு முன்னாலே. அது போதும்.” சரி என்றேன். இதில் என்ன பிரமாதம் என்றேன். நிஜமாகவே பிரமாதமாக ஒன்றும் படவில்லை. போனேன். மாலை போட்டார்கள், நாகசுரம் ஊதினார்கள், நான் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், தண்ணீருக்கு ஜாதி இல்லை என்றேன், கை தட்டினார்கள். குழாய்ச் சக்கரத்தைத் திருகினேன். தண்ணீர் முதலில் இருமியது, பிறகு கொட்டியது. பிள்ளைகள் ஓ என்று கத்தின. அப்போது அவள் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, இன்னொரு கையில் பித்தளைத் தம்ளர். யார் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று தெரியாது. தம்ளர் பளபள என்று இருந்தது, புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு, விளிம்பு மட்டும் ஒரு இடத்தில் நசுங்கியிருந்தது. பிடித்தாள், நிரப்பினாள், நீட்டினாள். “குடி சாமி. மொதோ தண்ணி ஒனக்குத்தான். நல்லா கயுவிக்கினேன் சாமி.” நல்லாக் கழுவியிருக்கிறாளாம். அதை ஏன் சொன்னாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். இல்லை, பழியை அவள்மேல் போடாதே. போடாதே என்கிறேன். நான் இரண்டு கையையும் நீட்டினேன். தம்ளரை வாங்க என்று அவள் நினைக்கவில்லை, கையைக் குவித்துக் குடிக்கப் போகிறேன் என்று நினைத்தாள். அவர்களுக்கு அப்படித்தான் பழக்கம், அப்படித்தான் ஊற்றுவார்கள் அவர்களுக்கு. அதனால் மெதுவாக ஊற்றினாள், சிந்தாமல், நூல் மாதிரி. நான் தேய்த்துக் கழுவினேன். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன செய்வாள். கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினாள். நான் உதறினேன். என் சேவகன் டபேதார் துண்டை நீட்டினான், துடைத்தேன். உதறின துளி ஒன்று குழந்தை முகத்தில் விழுந்து அது கண்ணைச் சிமிட்டியது. அது ஒன்றுதான் அங்கே அசைந்தது. பிறகு பின்னால் ஒரு கிழவன், பல் இல்லாத சிரிப்பு, “பாத்தியா, தொரையே குடிக்கல. கையத்தான் கயுவறாரு. நீ குடிக்கிறியாடா?” ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை முழுக்கப் போயிற்று. பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அதிகாரி என் காதருகே குனிந்து, சரியாகச் செய்தீர்கள், இந்த இடத்தில் எல்லாம் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும் என்றான். மெச்சினான். எனக்கு அவன் மெச்சல் கிடைத்தது. அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

“கையை என்ன செய்யறதுன்னு தெரியலை ஐயா.” என்ன? “கை. உங்க கை. மடியிலே வச்சா செத்த கை மாதிரி இருக்கு. நாற்காலியைப் பிடிச்சா கோபமா இருக்கிற மாதிரி இருக்கு. எதையாவது கொடுக்கலாமா? ஒரு காகிதச் சுருள்?” எதையாவது கொடு. “முன்னாலே இருந்தவங்களுக்கெல்லாம் சுருள் கொடுத்தாச்சு.” அப்படியானால் விட்டுத் தொலை. “கை இல்லாம மேயரா?” சிரிக்கிறான். தூரிகையைக் கடித்துக்கொண்டு பார்க்கிறான், என் கையை. நானும் பார்க்கிறேன். இதோ இரண்டு கை. சக்கரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, அதனால் கழுவினேன். இதைத்தான் டாக்டரிடம் சொன்னேன். மேயர் வேலையே இதுதானே, எங்கே போனாலும் குத்துவிளக்கு, சந்தனம், மாலையின் ஈரம், முடிந்ததும் டபேதார் சொம்பைச் சாய்ப்பான், நான் கையை நீட்டுவேன். பழக்கதோஷம். கை தானாக நீண்டுவிட்டது. பிசுக்கு வேறு. இப்படிச் சொன்னேன், டாக்டர் தலையாட்டினார், கண்ணாடியைத் துடைத்தார். நல்ல பதில். நீதிமன்றத்தில் நிற்கும், முப்பது வருஷம் வக்கீலாக இருந்தவன் எனக்குத் தெரியாதா எது நிற்கும் என்று. பொய். சக்கரத்தில் பிசுக்கு இல்லை. திறப்பு விழா என்று புதுப் பட்டுத்துணி சுற்றியிருந்தார்கள், மஞ்சள் பட்டு, கை வழுக்கியதுகூட எனக்கு நினைவிருக்கிறது. கை சுத்தமாக இருந்தது. பழக்கமா? டபேதாரின் சொம்பும் அந்தத் தம்ளரும் ஒன்றா? சொம்பு என்றால் வலதுபக்கத்திலிருந்து வரும், சாய்ந்து வரும். தம்ளர் நேராக வந்தது, என் வாய்க்கு நேராக. நான் பார்த்தேன். தம்ளரைப் பார்த்தேன், நசுங்கின விளிம்பைப் பார்த்தேன், அவள் கட்டைவிரல் நகத்துக்கடியில் கரி இருந்ததைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் கை நீண்டது. வயிற்றுக்குள் ஒன்று பின்வாங்கியது. அதற்குப் பெயர் பழக்கம் என்றால் சரி, பழக்கம். எத்தனை தலைமுறைப் பழக்கம் என்று சொல்லவில்லையே.

வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் வெந்நீர் தயாராக இருந்தது. ஞானாம்பாள் வாசலிலேயே மறித்தாள். “அப்படியே பின்பக்கமாப் போய்க் குளிச்சிட்டு வந்துடுங்க. சேரிக்குப் போயிட்டு வந்திருக்கீங்க.” என் மனைவி கெட்டவள் இல்லை. தெருவில் போகிற பிச்சைக்காரனுக்கு இலை போட்டுச் சாப்பாடு போடுவாள், தெருவில்தான் போடுவாள். நானும் பின்பக்கமாகப் போய்க் குளித்தேன். அது இன்னொன்று. கழுவினது போதாது என்று குளித்தும் ஆயிற்று. முதுகு தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பழைய வாசற்படி வந்தது கண்முன். காலேஜில் கூடப் படித்தவன் வீடு, அக்கிரகாரத்தில். வெயிலில் நடந்து போயிருந்தோம். தண்ணீர் கேட்டேன். அவனுக்குத் தம்ளரில் வந்தது. எனக்கு, வாசற்படிக்கு வெளியே நிறுத்தி, இப்படிக் கையைக் குவி என்றார்கள், மேலேயிருந்து ஊற்றினார்கள். பாதி மூக்கில் ஏறியது. சட்டை நனைந்தது. பிறகு நான் நின்ற இடத்தில் தண்ணீர் தெளித்தார்கள், நான் தெருமுனை திரும்புவதற்குள். நான் திரும்பிப் பார்த்தேன், அதனால் தெரியும். இதை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன். குரல் நடுங்கச் சொல்வேன், அந்த நடுக்கம் நிஜம். கட்சிக் கூட்டங்களில் ஜனங்கள் அழுவார்கள். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடத்தில் தனிப்பந்தி கூடாது என்று மன்றத்தில் மேசையைத் தட்டினவன் நான். அந்த வாசற்படியில் நின்ற பையனுக்காகத்தான் மேயர் ஆனேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் என்ன ஆனான்? வெள்ளிக்கிழமை படிக்கு உள்பக்கம் போய் நின்றுகொண்டான். அவ்வளவுதான். இன்னும் ஒரு படி கீழே ஒருத்தி நின்றாள், தம்ளரோடு. அவள் பேர்கூட எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

“கொஞ்சம் தண்ணி எடுத்துக்கட்டுமா ஐயா? வாய் காயுது.” எடுத்துக்கொள். ராஜு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கூஜாவைத் திறக்கிறான். மூடித்தம்ளரில் ஊற்றி, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்கிறான். தொண்டை மணி ஏறி இறங்குகிறது. என் தொண்டையும் கூடவே ஏறி இறங்குகிறது. வாய் வைத்தே குடியேன் என்கிறேன். என் குரல் எனக்கே உறுமல் மாதிரி கேட்கிறது. “ஐயா தம்ளர் ஆச்சே.” அதனால் என்ன. “எச்சில் ஆயிடும்.” ஆகட்டுமே! ராஜு என்னைப் பார்க்கிறான், சிரிக்கலாமா வேண்டாமா என்று. தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூரிகைக்குப் போய்விடுகிறான். பாவம், அவனைப் போய் ஏன் கடிக்கிறேன். சேரிக்குப் போகப் பயம், இங்கே உட்கார்ந்து படக்காரனை அதட்டுகிறேன். ஆமாம் பயம். சொல்லியாயிற்று. நேற்று டாக்டர் வந்தார். நான் இதே நாற்காலியில், இதே அங்கியில். “குழாயடியிலே ஈ காக்கை இல்லை சார். எல்லாம் குட்டைக்குத்தான் போறாங்க. மேயரே குடிக்காத தண்ணின்னு சொல்றாங்க. நேத்து ஒரே குடிசையிலே ரெண்டு சாவு, தாயும் மகளும். நீங்க ஒருதரம் வந்து குடிச்சிட்டுப் போயிட்டா போதும். மேளம் வேண்டாம், மாலை வேண்டாம். ஒரு தம்ளர்.” நான் என்ன சொன்னேன்? பார்க்கலாம், படம் முடியட்டும் என்றேன். படம் முடியட்டும்! தாயும் மகளும் என்று சொல்லி வாய் மூடவில்லை, நான் படம் முடியட்டும் என்றேன்.  டாக்டர் கண்ணாடியைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே என்னைப் பார்த்துவிட்டுப் போனார். போனால் என்ன ஆகும்? ஏன் அன்றைக்குக் குடிக்கவில்லை என்று எவனாவது கேட்பான். பத்திரிகைக்காரன் கேட்பான், எதிர்க்கட்சிக்காரன் மன்றத்தில் கேட்பான், அந்தப் பல்லில்லாத கிழவன் கேட்பான், அவன் கேட்டால் போதும். பிசுக்கு என்பேன். பட்டுத்துணியைக் காட்டுவான். ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கப் போகிறவன் எந்த முகத்தோடு போவது. முகம் இதோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள், நன்றாகத்தான் வருகிறதாம். இது இன்னும் நூறு வருஷம் சுவரில் இருக்கும். யாராவது கீழே நின்று அண்ணாந்து பார்த்து, பெரிய மனுஷன், நெற்றியைப் பார் என்பான். குட்டைத் தண்ணீர் குடித்துச் செத்தவர்களுக்கு ஆணி கிடையாது. அந்தக் குழந்தை. அதன் முகத்தில் என் கையிலிருந்து ஒரு துளி விழுந்தது. அதுவும் இப்போது குட்டைத் தண்ணீர்தான் குடிக்கும். அந்த இரண்டு சாவு... தாயும் மகளும் என்றாரே. இடுப்பில் இருந்தது ஆணா பெண்ணா? எனக்குத் தெரியவில்லை. எந்தக் குடிசை என்று நான் கேட்கவில்லை. கேட்கவே இல்லை. ஐயோ, நான் எதையுமே கேட்கிறவன் இல்லையா?

எழுந்துவிட்டேன். “ஐயா! அசையாதீங்க, மடிப்பு...” போதும். டபேதாரைக் கூப்பிடு, வண்டியை எடுக்கச் சொல். “எங்கே ஐயா?” சாம்பல்மேடு. சங்கிலியின் கொக்கி கழலமாட்டேன் என்கிறது, ராஜு பின்னால் வந்து கழற்றுகிறான். அவள் பிணமாகக் கிடந்தால் நான் யாரிடம் போய்த் தம்ளர் கேட்பேன்.  கதவு திறக்கிறது. டாக்டர் துரைக்கண்ணு. மூச்சு வாங்க நிற்கிறார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. “சார், குழாயடியிலே கூட்டம்.” என்ன கலாட்டா? “கலாட்டா இல்லை சார். வரிசை. குடத்தை வச்சுக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் நிக்கறாங்க. காலையிலேருந்து.” எனக்குப் புரியவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றுகிறார். “நீங்க என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் சார். நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். நேத்து ரொம்பத் தப்பா நினைச்சுட்டேன். மன்னிச்சுடுங்க.” எதைச் சொல்லியிருக்கலாம்? “விரதம். அன்னிக்குக் கிருத்திகைன்னு.”

 டாக்டர் சொல்லிக்கொண்டு போகிறார். அன்றைக்குத் தம்ளர் நீட்டினாளே, அந்தப் பெண். செத்தது அவளுக்கு அடுத்த குடிசையாம். அடுத்த குடிசை. எனக்கு மூச்சு திரும்புகிறது. இன்றைக்கு விடிந்ததும் குட்டைக்குப் போகிற வழியில் குறுக்கே நின்றாளாம், அதே தம்ளரோடு. டாக்டர் அவள் பேச்சை அவள் மாதிரியே சொல்லிக் காட்டுகிறார், இந்த மனுஷனுக்கு இது வரும் என்று எனக்குத் தெரியாது. “தோ பாரு, அன்னிக்கு மேயரு முதலியாருக்குக் கிருத்திகை. பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாது. அதான் கையில வாங்கி அப்டியே தொட்டுக்கினு வுட்டாரு. நீங்கல்லாம் தூர நின்னீங்க, இன்னாத்தக் கண்டீங்க? நானு கிட்ட நின்னேன். எங்கைல சொன்னாரு, வெரதம் முடிச்சிக்கினு வரேன், ஒங்கையாலயே குடிக்கிறேன்னாரு.” பல்லில்லாத கிழவன் கேட்டானாம், பெரிய மனுஷன் உன் காதுல வந்து சொன்னாராக்கும் என்று. “ஆமாய்யா, ஒங்காதுல சொன்னா ஒனக்குத்தான் வெளங்குமா?” என்றாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். சிரிப்பு அடங்குவதற்குள் தம்ளரை நிரப்பி, முதலில் இடுப்புக் குழந்தைக்குப் புகட்டினாள். பிறகு தான் குடித்தாள். பிறகு குழாயடியிலேயே குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், எல்லோரும் பார்க்கட்டும் என்று. வெயில் ஏறும் வரைக்கும் பார்த்தார்கள். குழந்தை சிரித்தது, அழுதது, தூங்கிற்று. ஒருத்தி குடத்தோடு வந்தாள். அப்புறம் வரிசை.

அன்றைக்குக் கிருத்திகை இல்லை. ராஜுவுக்கும் தெரிந்திருக்கிறது, தூரிகை பாதியில் நிற்கிறது, மாதாமாதம் விரதம் இருக்கிற வீட்டுக்காரன் முகம் அது. என்னைப் பார்க்கிறான். தூரிகையைக் குடுவையில் போட்டுக் கலக்குகிறான், கலக்கிக்கொண்டே இருக்கிறான். நான் விரதமே இருக்கிறதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் நெய் விட்டு மூன்று தோசை தின்றுவிட்டுப் போனேன். அவளுக்குத் தெரியும். பஞ்சாங்கம் தெரியாவிட்டாலும் என் முகம் தெரியும், அவ்வளவு கிட்டத்தில் நின்றாள். நூல் மாதிரி ஊற்றினாளே, அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டிருக்கும். தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். எனக்காகவா? எனக்கென்று என்ன இருக்கிறது அவளிடம். குழந்தைக்காக, அடுத்த குடிசைக்காக, குட்டைக்காக. வழியில் நான் கிடந்தேன், என்னையும் எடுத்து நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் சாயங்காலம் சேரியில் தெரியும், ராத்திரி குட்டைக்குப் போவார்கள். சொல்ல முடியாது. ஒருநாளும் சொல்ல முடியாது. பக்திமான் மேயர் என்று பேசுவார்கள், நான் தலையை ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். இருக்கட்டும். நான் எழுந்தது அவள் முந்திக்கொண்ட பிறகு. அதையும் சுமக்க வேண்டியதுதான். விரதம் முடித்து வருவேன் என்று வேறு சொல்லிவைத்திருக்கிறாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், வருகிறானா பார்ப்போம் என்று. அங்கியைத் தோளிலிருந்து தள்ளுகிறேன், தரையில் சிவப்பாக விழுகிறது. தலைப்பாகையை நாற்காலியில் வைக்கிறேன். “கூஜா ஐயா?” டபேதார். வேண்டாம். “வழியிலே தாகம்...” வேண்டாம் என்றேனே! “கை ஐயா, கையை என்ன செய்யட்டும்?” ராஜு. நாளைக்கு எழுதிக்கோ. மாடிப்படியில் டாக்டர் கூடவே ஓடி வருகிறார். நாக்கு காய்ந்த தோல் மாதிரி கிடக்கிறது, இப்படியே இருக்கட்டும், அங்கே போகும் வரைக்கும் இப்படியே இருக்கட்டும். பாதிப் படியில் நிற்கிறேன். அவ பேர் என்ன? தம்ளரை நீட்டினபோதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. டாக்டர் சொல்கிறார். போய் நின்று தடுமாறக் கூடாது என்று ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். பூங்காவனம்.